முடிச் சிறகு வைத்த ட்ரை ஃப்ளை தண்ணீரில் சாய்ந்து விழுகிறது, எங்கே தவறு?

ஆற்றுக்கல்:
வணக்கம் நண்பர்களே. ஆறு மாசமா ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளுல முடி, இறகு, நூல் வச்சுக் கட்டுற செயற்கைப் பூச்சி, கட்டிப் பழகிக்கிட்டு இருக்கேன். தண்ணிக்கு அடியில ஓடுற நிம்ஃப், ஸ்ட்ரீமர் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துடுச்சு. போன மாசம் ராயல் உல்ஃப்ங்கிற ட்ரை ஃப்ளையை, அதாவது தண்ணி மேல மிதக்கிற வகையை, கட்ட ஆரம்பிச்சேன். 12-ம் எண் முள், வெள்ளைக் கன்றுவால் முடியில சிறகு, உடம்புக்கு மயில்தோகை இழை, நடுவுல சிவப்புப் பட்டு. வைஸ்ல, அதாவது முள்ளைப் பிடிச்சு வைக்கிற பிடிகருவியில, இருக்கும்போது நல்லாத்தான் தெரியுது. தண்ணியில போட்டா பத்துக்கு ஏழு தடவை பக்கவாட்டுல படுத்துக்குது. ஒரு சிறகு தண்ணிக்குள்ள, இன்னொண்ணு வானத்தைப் பார்த்து. அஞ்சாறு வீச்சுக்குள்ள டிப்பெட் (ஃப்ளையைக் கட்டுற சன்னமான நுனி நூல்) முறுக்கேறி சுருள் சுருளா வந்து நிக்குது.

கட்டும்போதும் தொல்லைதான். சிறகை எவ்வளவு இறுக்கினாலும் முள்தண்டைச் சுத்தி நழுவிப் போகுது. சிறகுக்குப் பின்னாடி ஒரு மேடு வந்துடுது, மயில்தோகை அந்தச் சரிவுல நிக்க மாட்டேங்குது. கடைசியில முள்ளோட கண்ணுக்கு (நூல் கோக்கிற வளையம்) பக்கத்துல இடமே இல்லாம நூலை முடிக்க முடியல. அனுபவம் உள்ளவங்க சொல்லிக் கொடுங்க.

நூல்கண்டு:
முதல்ல சில விவரம் வேணும். சிறகுக்கு எவ்வளவு முடி எடுக்கிறீங்க, அடியை விரலால இறுக்கிப் பிடிச்சா என்ன பருமன் வருது? சிறகு எவ்வளவு நீளம், வால் எவ்வளவு நீளம்? டிப்பெட் எத்தனை எக்ஸ் (எண் ஏற ஏற நூல் சன்னம்)?

ஆற்றுக்கல்:
இறுக்கிப் பிடிச்சா பென்சிலை விடக் கொஞ்சம் சன்னமா இருக்கும். நல்லா மிதக்கட்டும்னு தாராளமாத்தான் எடுத்தேன். சிறகு முள்தண்டோட நீளத்தை விடக் கால்வாசி அதிகம். வால் தண்டுல பாதி. டிப்பெட் 6 எக்ஸ்.

நூல்கண்டு:
உங்க பதில்லயே எல்லாம் இருக்கு. முடியைப் பாதியாக் குறைங்க. குறைச்சதை மறுபடியும் பாதியாக்குங்க. 12-ம் எண்ணுக்கு ரெண்டு சிறகுக்கும் சேர்த்தே ஒரு தீக்குச்சிப் பருமன் போதும்.

முடி நிறைய இருந்தா நல்லா மிதக்கும்னு நினைச்சீங்க பாருங்க, அங்கதான் தொடங்குது. கன்றுவால் முடி மான் முடி மாதிரி உள்ளே காற்று அடைஞ்ச முடி இல்ல, கெட்டி முடி. இந்த ஃப்ளையைத் தாங்கி நிக்கிறது முன்னாடி ஹேக்கிள் (தண்டைச் சுத்திக் கட்டுற சேவல் இறகு), பின்னாடி வால். சிறகு உங்க கண்ணுக்கு அடையாளம் காட்டத்தான் இருக்கு. பென்சில் பருமன் முடியைத் தலைக்கு மேல ஏத்தி, வாலைப் பாதியா வெட்டிட்டா அது எப்படி நிமிர்ந்து உட்காரும்?

நழுவுறது, மேடு, கண்ணுக்கிட்ட நெரிசல், முறுக்கு, நாலுமே ஒரே கொத்து முடியில இருந்து வர்றதுதான்.

மயில்தோகை:
நூல்கண்டு சொன்னது சரி. ஆனா முடியைக் குறைச்சா மட்டும் சிறகு நிக்காது, கட்டுற முறையும் வேணும். நான் செய்யறதைச் சொல்றேன், பக்கத்துல வைஸை வச்சுக்கிட்டுப் படிங்க.

வெறும் தண்டுல முடியை வைக்காதீங்க. கண்ணுக்குப் பின்னாடி இருந்து தண்டுல பாதி தூரம் வரைக்கும் நூலை நெருக்கமா ஒரு அடுக்கு சுத்துங்க. பளபளன்னு இருக்கிற இரும்புல எந்த முடியும் வழுக்கும், நூல் மேல வச்சாத்தான் பிடி கிடைக்கும். நூலுக்கு லேசா மெழுகு தடவியிருந்தா இன்னும் நல்லது. கண்ணுல இருந்து தண்டோட நீளத்துல மூணுல ஒரு பங்கு பின்னாடி நூலை நிறுத்துங்க. சிறகோட இடம் அதுதான். பழகாதவங்க எல்லாரும் இன்னும் முன்னாடி போய்த்தான் கட்டுவாங்க. கண்ணுக்கிட்ட இடம் இல்லாமப் போறது அங்கயே தொடங்கிடுது.

முடியைத் தோல் ஒட்டி வெட்டுங்க. அடியைப் பிடிச்சுக்கிட்டு நுனிப்பக்கம் சீப்பால வாரி, குட்டை முடியையும் பஞ்சையும் எடுத்துடுங்க. இதை விட்டுட்டா அவ்வளவும் சிறகோட அடியில போய்ச் சேர்ந்து, வேண்டாத பருமனா நிக்கும். ஸ்டேக்கர்ல, அதாவது முடி நுனியைச் சமமாக்குற குழாய்ல, போட்டுத் தட்டினாலும் கன்றுவால் முடி சுருட்டையா இருக்கிறதால நுனி முழுசா ஒண்ணு சேராது. துருத்திக்கிட்டு இருக்கிற நாலஞ்சு முடியைக் கையால உருவிட்டா போதும். முள்தண்டுமேல வச்சு அளந்து பாருங்க. சிறகு தண்டு நீளம், அதுக்கு மேல ஒரு மயிரிழை கூட வேண்டாம்.

இப்பத்தான் முக்கியமான இடம். நுனி கண்ணுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி முடியைத் தண்டு மேல வச்சு, இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டையும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்கணும். ரெண்டு சுத்து தளர்வா. மூணாவது சுத்துல நூலை உங்க பக்கமா நேரா இழுத்து இறுக்குங்க. அதுவரைக்கும் கிள்ளுன விரலை எடுக்கக் கூடாது. எடுத்தா முடி நூலோட சேர்ந்து தண்டைச் சுத்தி அந்தப் பக்கம் இறங்கிடும். உங்களுக்கு நடக்கிறது இதுதான். விரலை எடுக்காம இன்னும் ஆறு சுத்து, ஒண்ணை ஒண்ணு ஒட்டி, நூல் அறுந்துடுமோங்கிற அளவுக்கு இறுக்கமா. அப்புறம் பின்பக்கம் நீட்டியிருக்கிற அடிமுடியைத் தூக்கி, அதுக்கு முன்னாடி தண்டு மேல ரெண்டு சுத்து. மறுபடியும் படுக்க வச்சு மேல ரெண்டு சுத்து. அடியில ஒரு சொட்டு பசை. இதுக்கு அப்புறம் சிறகை விரலால திருகிப் பாருங்க, அசையாது.

அடிமுடியை ஒரே வெட்டா வெட்டாதீங்க. கத்தரிக்கோலைச் சாய்ச்சுப் பிடிச்சு, மூணு தடவையா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்னாடி தள்ளி வெட்டுங்க. படிக்கட்டு மாதிரி இறங்கும். வாலுக்கு வைக்கிற முடியோட அடி அந்தப் படிக்கட்டு முடியற இடத்துல வந்து முட்டணும். மேலயும் கீழயும் ஏறக் கூடாது. இப்ப நூலைச் சுத்தினா வால் முதல் சிறகு வரைக்கும் ஒரே சீரான சரிவு கிடைக்கும். மேடும் இருக்காது, மயில்தோகையும் வழுக்காது.

சிறகை நிமிர்த்தறதுக்கு நுனிகளை ஒண்ணாச் சேர்த்துப் பின்னாடி இழுத்துப் பிடிச்சு, முன்னாடி அடியை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு சுத்து. நூலாலயே ஒரு சின்ன அணை கட்டுறீங்கன்னு வச்சுக்குங்க. ஊசியால முடியைச் சரிபாதியாப் பிரிச்சு, நடுவுல எட்டு வடிவத்துல ரெண்டு மூணு தடவை நூலைக் கொண்டு போங்க. அப்புறம் ஒவ்வொரு சிறகோட அடியையும் தனித்தனியா, கொடிக்கம்பத்துல கயிறு சுத்தற மாதிரி, நாலு சுத்து. இந்த நாலு சுத்தைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. அது இல்லன்னா முதல் மீன் கடிச்ச உடனே ரெண்டு சிறகும் ஒண்ணாக் கலந்து துடைப்பம் மாதிரி ஆயிடும்.

ஆற்றுக்கல்:
அக்கா, மிக்க நன்றி. அந்த மூணாவது சுத்து வரைக்கும் விரலை எடுக்கக் கூடாதுங்கிறது எனக்குத் தெரியவே தெரியாது. நான் முதல் சுத்துலயே எடுத்துடறேன்.

வெண்முடி:
கன்றுவாலோட ஏன் போராடணும்? கன்றோட உடம்பு முடி வாங்குங்க. நேரா இருக்கும், ஸ்டேக்கர்ல ரெண்டு தட்டுல நுனி சேர்ந்துடும், சன்னமாவும் இருக்கும். நீளம் குறைவுங்கிறதால பெரிய முள்ளுக்குச் சரிப்படாது. 12-ம் எண்ணும் அதை விடச் சின்ன முள்ளும் கட்ட அதை விட நல்ல முடி கிடையாது.

இன்னொண்ணு, சிறகை ரெண்டாப் பிரிக்கணும்னு யார் சொன்னது? பிரிக்காம ஒரே கம்பமா நிறுத்திட்டா முறுக்குத் தொல்லையே இல்ல. மீன் கீழே இருந்து பார்க்குது, மேல சிறகு ஒண்ணா ரெண்டான்னு அது எண்ணப் போறதில்ல.

மயில்தோகை:
உடம்பு முடி விஷயத்துல ஒத்துக்கறேன். கம்பம் விஷயத்துல இல்ல. ரெண்டு சிறகும் சமமா விரிஞ்சிருந்தா வீச்சோட கடைசியில காத்தைப் பிடிச்சு ஃப்ளை மெதுவா, நிமிர்ந்து இறங்கும். தண்ணியில சாயப் பார்த்தாலும் அந்தப் பக்கச் சிறகு தாங்கும். ஒரே கம்பத்துக்கு அந்த உதவி கிடையாது. முறுக்குறது சிறகு ரெண்டா இருக்கிறதால இல்ல, ரெண்டும் சமமா இல்லாததால. ஒரு பக்கம் முப்பது முடி, மறுபக்கம் ஐம்பது முடின்னா அது காத்தாடிதான். பிரிக்கும்போது வேகம் வேண்டாம், சரிபாதி வர்ற வரைக்கும் ஊசியால மறுபடி மறுபடி பிரிச்சுப் பாருங்க.

சாம்பல்சிறகு:
முடிச் சிறகு எதற்காக வந்தது என்பதையும் தெரிந்துகொண்டால் எவ்வளவு முடி வைப்பது என்ற கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும்.

அமெரிக்காவில் லீ உல்ஃப் இந்த வரிசையை 1929-30 குளிர்காலத்தில் உருவாக்கினார். அதுவரை புழக்கத்தில் இருந்த ட்ரை ஃப்ளைகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் அமைதியான ஓடைகளின் மரபில் வந்தவை. மெல்லிய உடம்பு, இறகில் செய்த நொய்ந்த சிறகு. பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் நீரில் அவை நிற்கவில்லை. ஒரு மீன் கடித்து அதன் வழுவழுப்பு ஒட்டியதும் மூழ்கின. உல்ஃப் பருத்த உடம்பும், கடித்தாலும் சிதையாத சிறகும் வேண்டும் என்று மான்வால் முடியை எடுத்தார். வாலும் அதே முடிதான். கன்றுவால் பிற்பாடு வந்து நிலைத்தது. சாம்பல் நிறத்தில் கட்டிய ஒன்றுக்கு ‘ஆஸபிள் கிரே’ என்று பெயர் வைத்திருந்தார். நண்பர் டான் பெய்லிதான் அதை ‘கிரே உல்ஃப்’ என்று மாற்றச் சொன்னவர். அதன் பிறகு வெள்ளை, ராயல் என்று வரிசை முழுவதற்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. உல்ஃப் வைஸ் இல்லாமல், முள்ளை விரல்களில் பிடித்துக்கொண்டே கட்டக்கூடியவர். இறுக்கம் என்பது கருவியில் இல்லை, விரலில்தான் இருக்கிறது என்று நான் நம்பத் தொடங்கியதும் அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

சிவப்புப் பட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. 1878-இல் நியூயார்க்கில் ஃப்ளை கட்டும் தொழில் செய்த ஜான் ஹெய்லி, கோச்மன் என்ற பழைய ஃப்ளையின் மயில்தோகை உடம்பு எளிதில் பிய்ந்துபோகிறது என்று நடுவில் பட்டைச் சுற்றினார். ராயல் கோச்மன் அப்படிப் பிறந்தது. அதன் உடம்பைத்தான் ராயல் உல்ஃப் எடுத்துக்கொண்டது. இன்று நாம் அழகு என்று பார்க்கும் சிவப்பு, உறுதிக்காக வந்தது.

ஆக, முடி இங்கே வந்ததற்குக் காரணம் அது நீடித்து உழைக்கும் என்பதுதான். நாற்பது முடி நன்றாக இறுக்கப்பட்டால் அது நிறைவேறிவிடுகிறது. நானூறு முடி தேவையில்லை.

ஆற்றுக்கல்:
ஐயா, இந்தப் பட்டு விஷயம் அருமை. எனக்கு மயில்தோகை ரெண்டு மீனுக்கு மேல தாங்குறதில்ல. பட்டு வச்சும் பிய்யுதே?

மயில்தோகை:
மூணு இழையை நூலோட சேர்த்து முறுக்கிக் கயிறு மாதிரி ஆக்கிச் சுத்துங்க. ஒரு இழை பிய்ஞ்சாலும் நூல் மத்ததைப் பிடிச்சு வச்சிருக்கும். ரொம்ப முறுக்கினா இழையே அறுந்துடும், ஏழெட்டு முறுக்கு போதும். இழையோட நுனிப்பக்கம் ஒரு விரல் அளவுக்கு வெட்டி எறிஞ்சுடுங்க, அது எப்பவும் நொறுங்கும்.

நூல்கண்டு:
ஹேக்கிளை மறந்துட்டோம். முள்ளோட வாயகலத்தை (தண்டுக்கும் முள்நுனிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) போல ஒண்ணரை மடங்கு நீளம் இழை இருக்கணும். சிறகுக்குப் பின்னாடி அஞ்சு சுத்து, முன்னாடி நாலு. சேவலோட பிடரி இறகுல நல்ல தரமா கிடைச்சா ஒரே இறகு போதும். இல்லன்னா ரெண்டு. கடைசி சுத்துக்கு அப்புறம் கண்ணுக்கும் ஹேக்கிளுக்கும் நடுவுல கண்ணோட அகலத்துக்கு வெறும் இடம் தெரியணும். வால் தண்டு நீளம். வாலுக்குக் கன்று முடி வேண்டாம், மூஸ்ங்கிற பெரிய மானோட உடம்பு முடி விறைப்பா இருக்கும், பின்பக்கம் முழுகாது.

முடிச்ச உடனே ஒரு சோதனை. ஒரு முழ உயரத்துல இருந்து மேசை மேல போடுங்க. பத்துக்கு எட்டு தடவையாவது ஹேக்கிள் நுனியும் வாலும் பட்டு நிமிர்ந்து உட்காரணும். மேசையில சாயுறது தண்ணியிலயும் சாயும்.

குறுக்குநீர்:
கட்டுறதைப் பத்தி எல்லாரும் நல்லா எழுதிட்டீங்க. தண்ணிக்கு வருவோம்.

6 எக்ஸ் இந்த ஃப்ளைக்கு ஆகாது. முள் எண்ணை மூணால வகுத்தா வர்ற எக்ஸ் பொதுவாச் சரியா இருக்கும். 12-க்கு 4 எக்ஸ், அதாவது 0.18 மில்லிமீட்டர். காத்தைப் பிடிக்கிற ஃப்ளைங்கிறதால 3 எக்ஸ் போட்டாலும் தப்பில்ல. 6 எக்ஸ் 0.13 தான், அதுல இவ்வளவு பெரிய சிறகு சுத்தத்தான் செய்யும். ஃப்ளை ஓடுற தண்ணியில கலங்கல், நுரை எல்லாம் இருக்கும், அங்க மீன் நூலைப் பார்த்துப் பயப்படுறதில்ல.

இதைத் தேங்கின மாதிரி நிக்கிற கண்ணாடித் தண்ணியில போடாதீங்க. அங்க மீன் நின்னு நிதானமாப் பார்க்கும், இந்தப் புதர் அதுக்குப் பிடிக்காது. அந்த மாதிரி இடத்துக்கு கம்பேராடன் மாதிரி ஹேக்கிளே இல்லாம, மான் முடியை அரைவட்டமா விசிறி வச்சு, தண்ணியோட தண்ணியா உட்கார்ற ஃப்ளைதான் சரி. உல்ஃபுக்கு இடம் வேற. பாறைக்கு முன்னாடி தண்ணி மோதித் திரும்புற மெத்தை, பாறைக்குப் பின்னாடி அமைதியா இருக்கிற கை அகலத் திட்டு, ரெண்டு ஓட்டம் உரசுற கோடு, முழங்கால் ஆழச் சலசலப்பு. அங்க மீனுக்கு யோசிக்க ஒரு நொடிதான் இருக்கும். வாயை வச்சுப் பார்க்கிறதுதான் அதுக்கு யோசனை.

கீழ இருந்து மேல வீசுங்க. தூரம் வேண்டாம், ஏழெட்டு மீட்டர். அந்தக் குறுகின திட்டுல நூல் நடு ஓட்டத்துல விழுந்தா ரெண்டு நொடியில ஃப்ளையை இழுத்துடும். அதனால தூண்டில் கம்பை உயரமாத் தூக்கிப் பிடிச்சு, நூலை ஓட்டத்துல படவிடாம, லீடரும் (நூலுக்கும் ஃப்ளைக்கும் நடுவுல இருக்கிற சன்ன நரம்பு) ஃப்ளையும் மட்டும் தண்ணியில இருக்கிற மாதிரி பார்த்துக்கணும். இழுவை இல்லாம ஒரு மீட்டர் மிதந்தாலே அது நல்ல மிதப்பு. ஒரு திட்டுக்கு நாலு மிதப்பு, அப்புறம் அடுத்த பாறை.

வெண்முடி:
மாலையில இருட்டற நேரத்துக்கு வெள்ளைச் சிறகுக்கு ஈடு கிடையாது. வெயில் சாய்வா அடிச்சுத் தண்ணி வெள்ளியா மின்னும்போது மட்டும் வெள்ளை தெரியாது. அதுக்கு ஒண்ணு ரெண்டு கறுப்புச் சிறகு கட்டி வச்சுக்குங்க.

ஆற்றுக்கல்:
இந்த வாரம் புதுசா எட்டு கட்டினேன். முதல் மூணு மேசையிலயே சாய்ஞ்சது, அவுத்துட்டு மறுபடி கட்டினேன். முடியை எடுத்து வச்சுப் பார்த்தப்போ ‘இவ்வளவுதானா’ன்னு மனசு ஒத்துக்கவே இல்ல. கட்டி முடிச்சு ஹேக்கிள் சுத்தினதும்தான் அது போதும்னு புரிஞ்சது.

ஞாயித்துக்கிழமை தண்ணிக்குப் போனேன். ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு கைக்குட்டை அகலத் திட்டு. மூணாவது வீச்சுல ஃப்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது, ரெண்டு வெள்ளைப் புள்ளி தனித்தனியாத் தெரிஞ்சது. திட்டோட ஓரத்துக்கு வந்து திரும்பற நேரத்துல ஒரு மூக்கு மேல வந்துச்சு, சத்தமே இல்ல, வெள்ளை மட்டும் காணாமப் போச்சு. பழுப்பு ட்ரவுட், என் சாண் அளவை விடக் கொஞ்சம் பெருசு. கையை நனைச்சுப் பிடிச்சு விட்டேன். முள்ளோட எதிர்முள்ளை (மீன் கழலாம இருக்க நுனியில இருக்கிற கூர்) நசுக்கியிருந்ததால தொட்ட உடனே கழண்டுடுச்சு.

அதுக்கு அப்புறம் ஃப்ளை மிதக்கல. மிதக்க வைக்கிற ஃப்ளோட்டன்ட் ஜெல்லை நிறையத் தடவினேன், இன்னும் மோசமாச்சு. ஒட்டிக்கிட்டு எலி மாதிரி ஆயிடுச்சு.

குறுக்குநீர்:
ஜெல் காய்ஞ்ச ஃப்ளைக்குத்தான். வீட்டுலயோ கரையிலயோ முதல் வீச்சுக்கு முன்னாடி, கடுகளவு எடுத்து விரல் நடுவுல கரைச்சு ஹேக்கிளுக்கும் வாலுக்கும் தடவணும். ஈரத்து மேல தடவினா தண்ணியை உள்ளயே பூட்டி வச்சுடும். மீன் பிடிச்ச பிறகு ஃப்ளையை ஓட்டத்துல நல்லா அலசி வழுவழுப்பைப் போக்குங்க. துணியில அழுத்தி ஈரத்தை எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் சிலிக்கா பொடி டப்பாவுல போட்டுக் குலுக்கி, ஊதி, ரெண்டு வீண்வீச்சு (தண்ணியில படாம காத்துல மட்டும் வீசறது). புதுசு மாதிரி நிக்கும்.

இந்த ஃப்ளையில மிதவை மாதிரி இன்னொரு வேலையும் வாங்கலாம். முள்வளைவுல ரெண்டு சாண் நூல் கட்டி 16-ம் எண் நிம்ஃப் ஒண்ணு தொங்க விடுங்க. வெள்ளைச் சிறகு தயங்கினா கம்பைத் தூக்குங்க. நிம்ஃப் கனம் கம்மியா இருக்கணும், டங்ஸ்டன் மணி போட்டதைத் தொங்க விட்டா இது முழுகிடும்.

சாம்பல்சிறகு:
மகிழ்ச்சி தம்பி. இடையிடையே எல்க் மானின் முடியில் செய்யும் எல்க் ஹேர் கேடிஸ் என்ற ஃப்ளையும் கட்டிப் பழகுங்கள். அல் ட்ரோத் 1957-இல் உருவாக்கியது. அதில் முடி பின்னோக்கிப் படுத்திருக்கும், நிமிர்த்துவதோ பிரிப்பதோ இல்லை, சமநிலைத் தொல்லையும் இல்லை. ஆனால் எல்க் முடி காற்றறை உள்ள முடி. நூலை இறுக்கியதும் விரிந்து எழும். கெட்டி முடி, விரியும் முடி இரண்டும் நூலுக்கு எப்படிப் பதில் சொல்கின்றன என்பதை விரல் தெரிந்துகொள்ளும்.

ஆற்றுக்கல்:
கட்டாயம் கட்டிப் பார்க்கிறேன் ஐயா. சிலிக்கா பொடி வாங்கிட்டேன். இன்னைக்கு ராத்திரி வெண்முடி சொன்ன உடம்பு முடியில 14-ம் எண் மூணு கட்டினேன். மூணாவதுல கண்ணுக்குப் பின்னாடி வெறும் இடம் மிச்சம் இருக்கு.